தேனிலவுக் கணக்கு

அந்த வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் மூன்றே பேர். மாப்பிள்ளை, பெண், புனேயில் டிராவல் ஏஜென்சி நடத்தும் மராட்டியர் ஒருவர். ‘ஹனிமூன் மாலத்தீவு’ என்று குழுவுக்குப் பெயர் வைத்து, பக்கத்தில் இரண்டு இதயங்களை ஒட்டியதும் ஏஜெண்ட்தான். நிச்சயதார்த்தம் முடிந்து அப்போது பன்னிரண்டு நாள். மாப்பிள்ளையும் பெண்ணும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டது இரண்டே முறை.

அவன் புனே கிர்க்கியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஆலை வேலைக்கு வந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். மகன் சாக்கனில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் என்ஜினியர். அவள் கும்பகோணத்துப் பெண். பொதுத்துறை வங்கி அதிகாரி, நாகபுரி கிளையில் கடன் பிரிவு. ஜாதகம் பொருந்தி, 2025 வைகாசியில் நிச்சயம் ஆயிற்று. ஆவணியில் கல்யாணம். மண்டபம், சமையல்காரர், பட்டுப்புடவை, பத்திரிகை வாசகம் எல்லாவற்றையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சின்னவர்களிடம் விடப்பட்ட ஒரே இலாகா தேனிலவு. இந்தியாவில் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணங்களில் இருவரும் சேர்ந்து எடுக்கிற முதல் முடிவு பெரும்பாலும் இதுதான். அதனால்தானோ என்னவோ, முதல் சண்டையும் இதில்தான் வருகிறது.

இரண்டு வீட்டிலும் இந்த விஷயத்தில் முன் அனுபவம் குறைவு. அவனுடைய அம்மாவைக் கேட்டால், “திருநெல்வேலியில இருந்து புனேக்கு மூணு ரயில் மாறி வந்தோம். தகர டிரங்க் மேல உக்காந்துக்கிட்டு. அதுதான் எங்க ஹனிமூன்” என்பார். அவளுடைய பெற்றோர் 1991-இல் கொடைக்கானலுக்கு மூன்று நாள் போனார்கள். துணைக்கு அப்பாவின் அக்காவும் போனார். ஏரிக்கரையில் எடுத்த படத்தில் மூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அத்தை நடுவில்.

மாலத்தீவு என்று முதலில் சொன்னவன் அவன். பாலி, புக்கெட் என்று அவள் இரண்டு பெயர் சொல்லிப் பார்த்தாள். அவன் இறங்கிவரவில்லை. மும்பையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம், இறங்கியதும் இலவசமாகவே 30 நாள் அனுமதி தருகிறார்கள் என்று வாதம் தயாராக இருந்தது. அவனுக்கு வேண்டியது ஓர் உல்லாசத் தீவு. அதிலும் கடலுக்குள் கழி நட்டு, தண்ணீருக்கு மேல் கட்டியிருக்கும் மரவீடு. படுக்கையிலிருந்து இறங்கினால் நேரே கடல். காலை உணவு ஒரு கூடையில் மிதந்து வரும். “தண்ணி மேல வீடா? ராத்திரி காத்தடிச்சா?” என்றார் அவன் அம்மா. யாரும் பதில் சொல்லவில்லை.

குடும்பத்தின் பெரிய வாட்ஸ்அப் குழுவில் எதிர்ப்பு கிளம்பியது. தில்லியில் இருக்கும் பெரியப்பா 2024 ஜனவரியை நினைவூட்டினார். பிரதமர் மோடி லட்சத்தீவு போய் வந்ததை மாலத்தீவின் மூன்று துணை அமைச்சர்கள் கேலி செய்ய, இந்தியாவில் பலர் பயணத்தை ரத்து செய்தார்களே, அந்த விவகாரம். அது வெறும் சமூக ஊடகக் கோபமாக நிற்கவில்லை. 2023-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிய இந்தியப் பயணிகளின் எண்ணிக்கை, 2024-இல் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல் என்று சரிந்தது. “லட்சத்தீவு போங்கப்பா, நம்ம கடல்” என்றார் பெரியப்பா. அங்கு போக இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதும், ஆவணி மாதம் அங்கும் மழைக்காலம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. 2025 ஜூலை கடைசியில் மாலத்தீவின் 60-ஆவது சுதந்திர தின விழாவுக்குப் பிரதமரே தலைமை விருந்தினராகப் போனார். பெரியப்பா அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, கீழே ஒரு கைகூப்பும் சின்னத்தையும் வைத்து விவகாரத்தை முடித்துக்கொண்டார்.

உண்மையான இடைஞ்சல் பஞ்சாங்கம்தான். மாலத்தீவில் கடல் கண்ணாடி மாதிரி கிடப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை, அலை, மேகம். தமிழ்க் கல்யாணத்துக்கு மார்கழி ஆகாது. தை ஆகும், ஆனால் உலகத்துப் பணக்காரர்கள் எல்லோரும் அங்கே வந்து இறங்குகிற மாதமும் அதுதான். விலை உச்சியில் இருக்கும். ஆவணியில் விலை இறங்கும், வானமும் கூடவே இறங்கும். இதைத் தவிர இன்னொரு கணக்கும் இருந்தது. முகூர்த்தம் குறித்த ஜோசியருக்கு அது தெரியாது. மாப்பிள்ளைக்குச் சொல்லவும் முடியாது. அவள் மட்டும் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணிவிட்டு, “ரெண்டாம் தேதி கிளம்பி ஆறாம் தேதி திரும்பலாம்” என்று குழுவில் எழுதினாள். ஏன் அந்தத் தேதி என்று அவன் கேட்கவில்லை. அதற்காக அவனுக்கு மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டாள்.

ஏஜெண்டின் முதல் மதிப்பீடு வந்தது. நான்கு இரவு, விமானம், கடல் விமானம், தண்ணீர் வீடு, காலை உணவும் இரவு உணவும்: 3,42,000 ரூபாய். வெளிநாட்டுச் சுற்றுலா என்பதால் அரசாங்கத்துக்காக ஏஜெண்ட் அப்போது பிடித்துக்கொண்ட 5 சதவீதம் தனி. அது மட்டும் 17,100 ரூபாய். அது திரும்பி வரும் பணம்தான், ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து முடித்த பிறகு.

அவள் அந்த மதிப்பீட்டைக் கடன் மனுவைப் படிப்பதுபோல் படித்தாள். அந்த ஊரில் விலை போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போடுவார்கள். அந்தக் குறிகளில்தான் விஷயம் இருக்கிறது. 100 டாலர் சாப்பாட்டுக்குச் சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 110 ஆகும். அதன் மேல் சுற்றுலா வரி, 2025 ஜூலை 1 முதல் 17 சதவீதம். ஆக 128 டாலர் 70 சென்ட். மதிய உணவு, ஜூஸ், படகுச் சவாரி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இது போக, பசுமை வரி என்று ஒன்று. அந்த வருடம் ஜனவரியில்தான் இரட்டிப்பாகியிருந்தது. உல்லாசத் தீவுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும் என்பது மதிப்பீட்டின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. மும்பை விமானம் மாலையில் போய் இறங்கினால் முதல் ராத்திரி மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஓட்டலில்தான்.

“இவ்வளவு பணம் சேமிப்புல இருக்கா?” என்று போனில் கேட்டாள்.

“இருக்கு. நீ கவலைப்படாதே” என்றான். இரண்டாவது வாரமே அவன் ‘நீங்க’வை விட்டு ‘நீ’க்கு வந்திருந்தான். அவள் இன்னும் ‘நீங்க’தான்.

ஜூன் கடைசி வாரம் ஏஜெண்ட் இருவருடைய பாஸ்போர்ட் நகலும், பான் எண்ணும், மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்டார். மாலேயில் இறங்கும்போது கையில் போதிய பணம் இருக்கிறதா என்று கேட்டாலும் கேட்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்றார். அவன் சாக்கனிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது மூன்றையும் குழுவிலேயே போட்டுவிட்டான். ஏஜெண்ட் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தாள்.

திறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது ஸ்டேட்மென்ட் பார்க்கிற கண் அது. ஜூன் 17-ஆம் தேதி வரவு: 2,94,100 ரூபாய். கடன் என்று அந்த வரியில் எழுதியிருக்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை. 3 லட்சத்தில் பரிசீலனைக் கட்டணம் 5,000, அதற்கு ஜிஎஸ்டி 900 போனால் வருகிற தொகை அது. பிறகு மேலே போனாள். ஏப்ரல் 5, மே 5, ஜூன் 5. மூன்று மாதமும் 13,663 ரூபாய் போயிருந்தது. அதுவும் தவணைதான். பழைய கடன்.

பெண் பார்க்க வந்தபோது அவன் வீட்டார் சொன்னது, “பையனுக்கு எந்தப் பிக்கலும் இல்லை.”

அந்த ராத்திரி அவள் தூங்கவில்லை. தனிநபர் கடன் வாங்கித் தேனிலவு போகிறவர்களை அவள் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறாள். மனுவில் காரணம் என்ற இடத்தில் ‘சொந்தச் செலவு’ என்று எழுதுவார்கள். ஈடில்லாத இந்த மாதிரிக் கடன்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன என்று 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தது. அந்தச் சுற்றறிக்கையைக் கிளையில் எல்லோருக்கும் படித்துக் காட்டியவள் அவள்தான். 3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம். மாதம் 10,253 ரூபாய். வட்டி மட்டும் 69,000. கால்குலேட்டர் இல்லாமலே மனதில் ஓடியது. நாலு நாள் கடலுக்கு மூன்று வருடம்.

கணக்கு அவளை அவ்வளவு உறுத்தவில்லை. ‘சேமிப்புல இருக்கு’ என்று சொன்னது உறுத்தியது. அப்பாவிடம் சொல்வதா? சொன்னால் அப்பா தரகரைக் கூப்பிடுவார். தரகர் திருநெல்வேலிக்குப் போன் போடுவார். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது வாரம். பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை. நிறுத்துவதாக இருந்தால் அதுதான் நேரம் என்பதையும் அவள் நினைக்காமல் இல்லை. காலையில் வங்கிக்குப் போகும் வழியில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அவனைத்தான் கூப்பிட்டாள்.

“பதினேழாம் தேதி வந்தது லோன்தானே?”

நீண்ட மௌனம். பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் சத்தம்.

“ஆமா.”

“அஞ்சாம் தேதி போறது?”

“தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது. 2023-ல. அஞ்சு லட்சம். இன்னும் 26 மாசம் இருக்கு.”

“நீ ஏன் சொல்லல?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை இருவருமே அப்போது கவனிக்கவில்லை.

அவன் சொன்ன காரணம் அவள் எதிர்பார்த்ததாக இல்லை. அத்தை மகன் அந்த ஜனவரியில் மாலத்தீவு போய், மிதக்கும் காலை உணவோடு படம் போட்டிருந்தது உண்மைதான். அம்மா அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்ததும் உண்மை. ஆனால் மாலத்தீவு என்று முடிவானது கும்பகோணத்தில், நிச்சயதார்த்தப் பந்தியில். சாம்பார் வாளியோடு வந்த அவளுடைய தாய்மாமன், நாலு பேர் கேட்க, “என்ன மாப்ளே, ஹனிமூன் எந்த நாடு?” என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அவன் வாயைப் பார்த்தார்கள். அதுவரை அவன் மனதில் மகாபலேஷ்வர்தான் இருந்தது. வாயில் வந்தது மாலத்தீவு. பந்தி முழுக்க ‘ஓ’ போட்டது. அதற்குப் பிறகு எப்படிப் பின்வாங்குவது?

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாமா தன் மனைவியை அழைத்துக்கொண்டு போன ஒரே ஊர் வேளாங்கண்ணி. அதுவும் காலையில் போய் மாலையில் திரும்பியது.

சிரித்து முடித்ததும் அவளும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி என்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. அவனுக்கு மாதம் 12,000 ரூபாய் அவள் அனுப்புகிறாள். அப்பாவின் ஓய்வூதியத்தில் அது முடியாது. கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு வருடம் அனுப்பியாக வேண்டும். இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடச் சொல்லி அம்மாவிடம் இரண்டு முறை சொன்னாள். அம்மா சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் இப்படிப்பட்ட சங்கதியைச் சொல்வதற்கு நல்ல நேரம் எது என்று யோசித்துக்கொண்டே தாலி கட்டுகிற வரை போய்விடுவார்கள்.

“அனுப்பு. எங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றான். பிறகு, “இப்ப இந்த மூணு லட்சத்தை என்ன பண்றது?” என்று கேட்டான். ஒன்பது மணிக்குக் கிளை திறக்க வேண்டும். அன்று அவள் பத்து நிமிடம் தாமதம்.

கடன் ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னாள். பதினான்கு பக்கம். அவன் கையெழுத்துப் போட்டிருந்தானே தவிர படித்திருக்கவில்லை. முன்கூட்டி அடைத்தால் 4 சதவீதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி. 14,160 ரூபாய். ஏற்கெனவே போன பரிசீலனைக் கட்டணத்தோடு சேர்த்தால் 20,060 ரூபாய் தண்டம். மூன்று வருட வட்டியோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. அடுத்த வாரமே அடைத்தார்கள். அவனுக்கு அந்த இருபதாயிரம் ரொம்ப நாள் வலித்தது.

மாலத்தீவை விட்டுவிடலாமா என்று அவன் கேட்டபோது, வேண்டாம் என்றாள். அந்த நாட்டைப் பற்றி அவள் இதற்குள் நிறையப் படித்திருந்தாள். சுமார் 1,200 தீவுகள். மக்கள் வசிப்பது 200-க்கும் குறைவானவற்றில். 1972-இல் முதல் உல்லாச விடுதி திறந்ததிலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்றுதான் அங்கே சுற்றுலா வளர்ந்தது. பயணிகள் ஒரு பக்கம், உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம். 2008-இல் ஆட்சி மாறிய பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்தச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படி வளர்ந்த தீவுகளில் ஒன்று மாஃபுஷி. மாலே விமான நிலையத்திலிருந்து வேகப் படகில் சுமார் அரை மணி. அந்தத் தீவில் நாட்டின் சிறைச்சாலை ஒன்றும் இருக்கிறது. இதை அவன் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

உள்ளூர்த் தீவில் மது கிடையாது. நீச்சல் உடைக்கென்று வேலி போட்டு ஒதுக்கிய கடற்கரை. மற்ற இடங்களில் அடக்கமான உடை. இவர்களுக்கு இரண்டுமே பிரச்சினை இல்லை. நீலக் கடல் அதேதான், பவளப்பாறையும் அதேதான். சிறு விடுதிகளில் பசுமை வரி பாதி, 6 டாலர். விமானத்துக்கு இருவருக்கும் 52,000. அறைக்கு நான்கு இரவு 26,000. படகு 8,700. பசுமை வரி 48 டாலர், நாலாயிரத்துச் சொச்சம். சாப்பாட்டுக்கும் சுற்றுவதற்கும் 25,000. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துக்குள். ஆளுக்குப் பாதி என்றாள் அவள்.

இங்கேதான் இரண்டாவது சண்டை. பெண்ணின் பணத்தில் தேனிலவா என்று அவனுக்கு ரோஷம் வந்தது. இரண்டு நாள் குழுவில் எதுவும் எழுதவில்லை. “அப்ப கல்யாணத்துக்கப்புறம் உன் தங்கச்சி லோன்ல என் சம்பளம் ஒரு பைசா போகாதா?” என்று அவள் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஏஜெண்டுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது: “மாஃபுஷி. உறுதி செய்யவும். பணம் இரண்டு கணக்கிலிருந்து வரும்.” ஏஜெண்டுக்கு வருத்தம்தான், கமிஷன் போச்சே. ஆனாலும் முன்பணம் 25,000-ஐ இதில் வரவு வைத்துக்கொண்டார்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு கோளாறு. பாஸ்போர்ட்டில் அவளுடைய குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. தமிழர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னால் அப்பா வந்து உட்கார்ந்துகொள்வார். ஏஜெண்ட் அவளை மூன்று வாரமாக அப்பா பெயரால்தான் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புது மணப்பெண் ஆயிற்றே என்று டிக்கெட்டில் கணவன் பெயரைச் சேர்த்துவிட்டார். மாற்றச் சொன்னாள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடிதான் டிக்கெட் இருக்க வேண்டும். கல்யாணம் ஆனதற்காகப் பெண் பெயரை மாற்ற வேண்டும் என்று சட்டமும் இல்லை. “கல்யாணம் ஆகி, புருஷன் பேர் இல்லாம எப்படிம்மா?” என்று மாமியார் ஆகப்போகிறவர் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் அவன் சொன்னான்: “அவ பேரு அவ பேருதான்மா.” இதற்கு இரண்டு மதிப்பெண்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் தாய்மாமன் மறுபடியும் வந்து, தண்ணீர் மேல் வீடு எப்படி இருக்கும் என்று விசாரித்தார். அவன், “தண்ணிக்குப் பக்கத்துல வீடு, மாமா” என்றான்.

கிளம்புவதற்கு முன் நாள் கிர்க்கி வீட்டில் பெட்டி கட்டும்போது மாமியார் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையாரைத் துணிக்கு நடுவே வைத்தார். மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகக் கூடாது. ஏஜெண்ட் அனுப்பிய பட்டியலில் மதுவுக்கும் பன்றி இறைச்சிக்கும் பக்கத்தில் அதுவும் இருந்தது. “கடல் தாண்டிப் போறவங்க, சாமி இல்லாமலா?” என்று அவர் கண் கலங்கிவிட்டது. கடைசியில் திருச்செந்தூர் விபூதிப் பொட்டலம் ஒன்று கைப்பையில் போயிற்று. கூடவே பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய், படகில் தலை சுற்றினால் போட்டுக்கொள்ள மாத்திரை.

நான்கு நாளில் இரண்டு நாள் நல்ல மழை. 5-ஆம் தேதி காலை மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. விடுதியின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் ஒலித்தது. வங்கிக் குறுஞ்செய்தி. 13,663 ரூபாய் பற்று. அவன் படித்துவிட்டு போனை அவளிடமே நீட்டினான்.

“இன்னும் 23” என்றாள் அவள். பிறகு, மறுபடி மழை வருவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடலாம் என்று செருப்பைக் கழற்றினாள்.